வள்ளி வேடத்துக்கு யார்? மதுரை நாடக அமைப்பாளர் ஒருவரின் சேவை பற்றி

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை கோயில் திருவிழாக்களில் இசை நாடகம் வைக்கும் வழக்கம் இன்றும் விடாமல் நடந்துவருகிறது. அந்த நாடகங்களைப் பேசி முடித்துக் கொடுக்கும் அமைப்பாளர்களின் அலுவலகங்கள் நகருக்குள் பல உண்டு. மேலூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு இந்த ஆண்டு வள்ளி திருமணம் வைப்பது என்று விழாக் கமிட்டியார் முடிவு செய்து, நாடகம் பேசி வரும் பொறுப்பைக் கமிட்டிக்காரர் இருவரோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் என்னிடமும் ஒப்படைத்தார்கள். நாங்கள் அணுகிய அலுவலகத்தின் சேவையைப் பற்றியே இதை எழுதுகிறேன். அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் குறையாகச் சொல்லவிருக்கும் பழக்கம் அந்த ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. தொழில் முழுவதிலும் பரவியிருப்பது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றை விளக்கிவிட வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்று நாங்கள் சொல்லும் இந்த இசை நாடகத்துக்கு நிலையான குழு கிடையாது. நாயகன் வேடம் போடும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், சிரிக்க வைக்கும் பபூன் காமிக் ஓர் ஊர், ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுபவர் வேறோர் ஊர் என்று தனித்தனியாகப் பேசி, அந்த ஒரு இரவுக்கு மட்டும் அவர்களை ஒரே மேடையில் சேர்க்கிறார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்து வைத்த பாட்டும் நாடகப் போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், அன்று மாலையில்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்ளும் வள்ளியும் முருகனும் இரவு பத்து மணிக்கு மேல் மேடையேறி, விடியும்வரை ஒருவரையொருவர் தர்க்கத்தில் மடக்கிப் பாடுவார்கள். ஆகவே அமைப்பாளரை வெறும் இடைத்தரகர் என்று நினைக்கக் கூடாது. எந்த வேடத்துக்கு யார் என்று தீர்மானிப்பவரும் அவரே. சினிமாவில் இதற்கென்று தனியாக ஆள் வைத்துக்கொள்கிறார்கள். இங்கே அந்த அதிகாரம் ஒரு மேசையும் நாட்குறிப்பும் செல்போனும் வைத்திருக்கும் ஒருவரிடம் இருக்கிறது. அவருடைய சேவையை மதிப்பிடுவது என்றால், அவர் ஆள் தேர்ந்தெடுக்கும் முறையையும் மதிப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் நல்லவற்றைச் சொல்கிறேன். கணக்கு மிகத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு கலைஞருக்கும் எவ்வளவு சம்பளம் என்று தனித்தனியாகத் தாளில் எழுதி, அதற்குக் கீழே போக்குவரத்துச் செலவையும் தமது கமிஷனையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். மேடை, மைக் செட், விளக்கு, இரவுச் சாப்பாடு ஆகியவை ஊரின் பொறுப்பு என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். முன்பணத்துக்கு ரசீது கிடைத்தது. மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, அதில் கலைஞர் கைக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாதபடி வைத்துக்கொள்ளும் இடங்களையும் எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. அந்த வகையில் இவர் நேர்மையானவர். மிருதங்கக் கலைஞருக்கு அன்று காலை உடல்நலம் கெட்டதும், நாங்கள் கேட்பதற்கு முன்பே தகவல் சொல்லி, மாலைக்குள் மாற்று ஆளை அனுப்பினார். வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்தது. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆள் தேர்வுதான் என்னை இதை எழுத வைத்தது. ராஜபார்ட்டைப் பற்றிப் பேசியபோது அவர் போட்டோவையே எடுக்கவில்லை. குரல் எத்தனை கட்டைக்குப் போகும், தர்க்கத்தில் எதிராளிக்கு எப்படி ஈடுகொடுப்பார், விடியற்காலையிலும் தொண்டை கட்டாமல் நிற்குமா என்று கால் மணி நேரம் பேசினார். கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது. வள்ளி வேடத்துக்கு வந்ததும் செல்போனை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்களின் படங்களைத் தள்ளிக் காட்டத் தொடங்கினார். ஒரு படத்தில் நிறுத்தி, “இந்தப் பொண்ணு பாட்டு பிரமாதம் டீச்சர். ஆனா மாநிறம். வள்ளின்னா கொஞ்சம் கலரா இருந்தாத்தான் சனம் உக்காந்து பாக்கும். உங்க கமிட்டியிலயே கேப்பாங்க” என்றார். என்னோடு வந்த கமிட்டிக்காரர் ஒருவரும் தலையாட்டினார். முருகனுக்குக் குரலைக் கேட்டவர்கள் வள்ளிக்கு நிறத்தைக் கேட்டார்கள்.

நான் அந்தப் பெண்ணின் பாட்டைக் கேட்க வேண்டும் என்றேன். போன வருடம் வேறோர் ஊர்த் திருவிழாவில் யாரோ எடுத்த வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார். தினைப்புனத்தில் கிளி விரட்டும் ஆலோலப் பாட்டு. மேல் ஸ்தாயியில் நின்று குரலை இழுத்து, அங்கிருந்து படிப்படியாக இறக்கி, மிருதங்கம் வந்து சேரும் இடத்தில் சரியாக விட்டார். அதற்கு மேல் யோசிக்க ஏதும் இல்லை. இவரைத்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். அமைப்பாளர் மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் கலைந்தால் தம்மைக் குறை சொல்லக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

வள்ளி யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்தவள், வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த மகள், பரண் மேல் நின்று வெயிலில் தினைப்புனம் காத்தவள். சிற்ப மரபிலும் ஓவிய மரபிலும் தெய்வானையைப் பொன்னிறத்திலும் வள்ளியைக் கருநிறத்திலும் காட்டும் வழக்கு உண்டு. தெய்வானை திருமணத்தை ஆண்டுதோறும் திருப்பரங்குன்றத்தில் பார்க்கும் எங்கள் மக்கள், வள்ளி திருமணத்தை ஊர் மேடையில் பார்க்கிறார்கள். அம்மனை மரகதவல்லி என்று பாடுகிற மதுரையில், வள்ளி வேடத்துக்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் மாநிறம் தடையாகச் சொல்லப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

இது நம் ஊரில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. பாட்டும் ஆட்டமும் கதையும் கலந்த இசை நாடகம் எங்கெல்லாம் பெரிய தொழிலாக வளர்ந்ததோ அங்கெல்லாம், எந்த இனத்தவரின் வேடத்தை யார் போடுவது என்ற வழக்கு எழுந்திருக்கிறது. நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ மக்களைப் பற்றிய வெஸ்ட் சைட் ஸ்டோரி 1957இல் மேடையேறி, 1961இல் திரைப்படமாயிற்று. அதில் போர்ட்டோ ரிக்கோப் பெண் மரியாவாக நடித்தவர் ருஷ்யாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த நடாலி வுட். அவருக்காகப் பாடியவர் மார்னி நிக்சன். அதே படத்தில் அனிதாவாக நடித்த ரீட்டா மொரேனோ போர்ட்டோ ரிக்கோவிலேயே பிறந்தவர். அவருடைய சொந்த நிறம் போதாது என்று, போர்ட்டோ ரிக்கோக்காரர்களாக நடித்த அனைவருக்கும் பூசிய அதே கரும்பழுப்புப் பூச்சை அவருக்கும் பூசினார்கள். எங்கள் மக்களில் பல நிறத்தவரும் உண்டு என்று அவர் எடுத்துச் சொன்னபோது, ஒப்பனையாளர் அவரையே இனவெறியரா என்று கேட்டதைப் பின்னாளில் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வேடத்துக்காக அவர் ஆஸ்கர் விருது பெற்றார் என்பது வேறு செய்தி.

அங்கே போர்ட்டோ ரிக்கோப் பெண் தன் மக்களில் ஒருத்தியாக நிற்க மேலும் கறுக்க வேண்டியிருந்தது. இங்கே தமிழ்ப் பெண் தமிழ்க் குறமகளாக நிற்க வெளுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு இடங்களிலும், அந்த வேடத்துக்கு மிக அருகில் இருப்பவளின் உடம்பே அந்த வேடத்துக்குப் பொருந்தாதது என்று வேறொருவர் தீர்ப்புச் சொல்கிறார். தமிழ்த் திரையிலும் இதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். வெளுத்த நடிகையை அழைத்து வந்து, கறுப்புப் பூசி, குரலையும் வேறொருவரிடம் வாங்கிக் கொடுத்து, கிராமத்துப் பெண் என்று நிறுத்துகிறார்கள். அந்தக் கிராமத்திலேயே அந்த நிறத்தோடும் குரலோடும் இருக்கும் பெண்ணுக்குத் தோழி வேடம்கூடக் கிடைப்பதில்லை.

நாடகம் என்றாலே வேடம்தானே, யார் எதைப் போட்டால் என்ன என்று என்னோடு வந்த கமிட்டிக்காரர் திரும்பும் வழியில் கேட்டார். நியாயமான வாதம், நம் மரபே அதற்குச் சான்று தருகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்களே ராஜாவாகவும் ராணியாகவும் நின்றார்கள். மதுரை ராயல் டாக்கீஸார் தயாரித்த சிந்தாமணி (1937) படத்தின் நாயகி அஸ்வத்தம்மா கன்னடத்துப் பாடகி. அந்தப் படத்தின் லாபத்தில் இதே ஊரில் தியேட்டரே கட்டினார்கள். 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஆண் வேடத்தில் ஒரு பெண். அவருக்கு எதிரே வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். குரல் ஒன்றே தகுதி என்று கொண்டால் அந்தத் தேர்வை யாரும் மறுக்க முடியாது. எனினும், சேரியில் பிறந்து கோயிலுக்குள் நுழைய ஏங்கிய ஒருவரின் கதை இத்தனை முறை மேடையேறியும் திரையேறியும், அந்த மக்களிடையே பிறந்த பாடகர் அந்த வேடத்தில் நிற்க வழியுண்டா என்ற பேச்சை நாம் இன்னும் உரக்கப் பேசவில்லை.

வேடம் போடுவது தவறில்லை. வேடம் போடும் உரிமை யாருக்கெல்லாம் கிடைக்கிறது என்பதே வழக்கு. மிஸ் சைகோன் விவகாரம் இதைத் தெளிவாகக் காட்டிற்று. 1989இல் லண்டனில் மேடையேறிய அந்த நாடகத்தில், பிரெஞ்சும் வியட்நாமும் கலந்த பிறப்புடைய இஞ்சினியர் என்ற பாத்திரத்தை வேல்ஸ் நாட்டு நடிகர் ஜோனதன் பிரைஸ் ஏற்றார். கண் இமைகளில் ஒட்டு வைத்து, தோலுக்கு நிறம் பூசி நடித்தார். 1990இல் அது நியூயார்க்குக்கு வரவிருந்தபோது, ஆசிய வழி நாடகக் கலைஞர்கள் எதிர்த்தார்கள். நடிகர் சங்கம் முதலில் அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் நாடகத்தையே கைவிடுவதாக அறிவித்ததும், சில நாள்களில் சங்கம் பின்வாங்கியது. 1991 ஏப்ரலில் நாடகம் அரங்கேறியது; கண் ஒட்டு இல்லாமல் நடித்த பிரைஸ், அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருதையும் அந்த ஆண்டு பெற்றார். அவர் நல்ல நடிகர் என்பதை எதிர்த்தவர்களும் மறுக்கவில்லை. வெள்ளையர் வேடங்கள் எதற்கும் எங்களைக் கூப்பிடுவதில்லை. எங்களைப் பற்றிய பெரிய வேடம் அபூர்வமாக ஒன்று வரும்போது அதற்கும் வெள்ளையரையே கூப்பிடுகிறீர்கள் என்பதே அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கு நான் இதுவரை நல்ல பதில் எதையும் கேட்டதில்லை.

அதே நாடகத்தில் வியட்நாம் பெண் கிம் வேடத்தை ஏற்ற லியா சலோங்கா பிலிப்பைன்ஸ் நாட்டவர். அவரும் டோனி விருது பெற்றார். பிறப்புச் சான்றிதழ் பார்த்து வேடம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். 2015இல் வந்த ஹாமில்டன் நாடகத்தில் அமெரிக்காவை நிறுவிய வெள்ளைத் தலைவர்களாகக் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆசிய வழியினரும் நடித்தார்கள்; அது பலருக்குப் புதிதாகக் கதவைத் திறந்தது. அதற்கு நேர் எதிராக, 1927இல் ஷோ போட் நாடகத்தில் கறுப்பினச் சமையற்காரியாக இத்தாலிய வழி வெள்ளைப் பெண் ஒருவர் முகத்தில் கரி பூசி நடித்தபோது, ஒரு கறுப்பினப் பாடகிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை பறிபோயிற்று. இரண்டிலும் ஓர் இனத்தவர் வேறோர் இனத்தவரின் வேடத்தில் நிற்கிறார் என்பது உண்மைதான். யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குப் போயிற்று என்று பார்க்காமல் இரண்டையும் சமமாக வைக்கக் கூடாது.

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு நோட்டீஸின் மாதிரி வந்தது. வழக்கம்போல் வட்டங்களுக்குள் கலைஞர்களின் படங்களும் பட்டங்களும் இருந்தன. வள்ளியாக நடிப்பவரின் படத்தைப் பார்த்து நான் திகைத்தேன். அலுவலகத்தில் பார்த்த முகம் அதில் இல்லை. கன்னம், நெற்றி, கழுத்து எல்லாவற்றையும் வெளுத்து, மூக்கின் ஓரத்து நிழலைக்கூட அழித்திருந்தார்கள். உடனே அமைப்பாளரிடம் பேசினேன். அச்சகத்தில் எல்லாப் பெண்களின் படத்துக்கும் அப்படித்தான் செய்வார்கள் என்றார். நான் வற்புறுத்தியதும் அசல் படத்தைப் போட்டுத் திருத்திய நோட்டீஸை செல்போனில் அனுப்பிவைத்தார். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் கட்டிய ஃபிளெக்ஸ் அதற்குள் அடித்தாயிற்று. அதில் வெளுத்த முகமே இருந்தது. ராஜபார்ட்டின் படத்தில் அவருடைய அம்மைத் தழும்புகள்கூட அப்படியே இருந்தன. சேவையின் மிகப் பெரிய குறை இது. கலைஞரின் அனுமதியைக் கேட்காமல் அவருடைய முகத்தை மாற்றி ஊர் முழுவதும் ஒட்டுவது, ஒரு வாடிக்கையாளராக நான் பணம் கொடுத்துப் பெற விரும்பாத வேலை.

அந்தப் படம் எதில் போய் முடிகிறது என்பதை நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் பார்த்தேன். தென்னந்தட்டி கட்டிய மறைப்புக்குள், இரும்புப் பெட்டியின் மூடியில் சாய்த்து வைத்த கண்ணாடிக்கு முன் அமர்ந்து, வள்ளியாக நடிப்பவர் தாமே ஒப்பனை செய்துகொண்டிருந்தார். பான்கேக் என்ற ஒப்பனைப் பூச்சை நனைத்த பஞ்சால் தொட்டு, முதலில் முகத்துக்கும், பிறகு காதின் பின்புறத்துக்கும், கழுத்துக்கும், ரவிக்கைக்கு மேல் தெரியும் முதுகுக்கும் பூசினார். தோழியாக நடிக்கும் பெண் அவருக்குக் கை எட்டாத இடத்தில் பூசிவிட்டார். கைகளுக்கு வரும்போது, உள்ளங்கையின் ஓரம்வரை பூசி, விரல் இடுக்குகளில் தேய்த்து, காயும்வரை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். இவ்வளவும் எதற்கு என்று கேட்டேன். “வெறும் முகத்தோட போனா, நோட்டீஸ்ல பாத்த ஆளு இது இல்லையேம்பாங்க அக்கா. ஒரு ஊர்ல கேட்டும் இருக்காங்க” என்றார். அவர் குரலில் கசப்பு ஏதும் இல்லை; வேலையின் ஒரு பகுதியாகவே சொன்னார். பின்னிரவில், வேலனோடு தர்க்கம் சூடுபிடித்து வியர்வை வழிந்தபோது, வளையல்கள் உரசும் மணிக்கட்டில் பூச்சு விட்டுப்போய் அவருடைய நிறம் ஒரு கோடாகத் தெரிந்தது. பாடிக்கொண்டே முந்தானையை இழுத்து அதை மறைத்துக்கொண்டார். அடுத்த அடியை விட்டுவிடாமல் அதையும் செய்தார்.

நாடகம் எப்படி இருந்தது என்றால், பல வருடங்களாக எங்கள் ஊர் பார்த்த வள்ளி திருமணங்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாரதரோடு நடந்த வாதத்தில் வள்ளி ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. வேடனாக வந்த முருகன் வழிதப்பி வந்த மானைப் பற்றிக் கேட்க, புனத்துக்குள் வந்தவன் முதலில் தன் ஊரையும் பேரையும் சொல்ல வேண்டும் என்று அவர் பாட்டிலேயே மடக்கியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பாய் விரித்துப் படுத்திருந்த பெரியவர்களும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கலைந்துவிடும் என்று அமைப்பாளர் எச்சரித்தது நடக்கவில்லை. இசை நாடகத்தில் பின்னணிக் குரலுக்கு இடமில்லை; ஆறு மணி நேரம் நிற்கும் சொந்தக் குரலும், எதிராளியின் சொல்லைப் பிடித்துத் திருப்பும் புத்தியும்தான் ஸ்திரீபார்ட்டின் தகுதி. அந்தத் தகுதி முழுவதும் உடைய ஒருவரை, செல்போனில் ஒரு விநாடி நிறுத்தி, ‘ஆனால்’ என்று சொல்லித் தள்ளிவிடப் பார்த்தார்கள். இப்படித் தள்ளப்பட்டு, தோழி வேடத்தோடும், பபூனோடு ஆடும் டான்ஸ் காமிக்கோடும் நின்றுபோன குரல்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ இருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் என்னை விடவில்லை.

காமிக் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இந்த அலுவலகம் பாராட்டுக்குரியது. குறவன் குறத்தி வேடமிட்டுக் கொச்சையாக ஆடும் பகுதியும், அந்த மக்களின் பேச்சையும் நடையையும் கேலி செய்யும் பகுதியும் எங்களுக்கு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அத்தகைய ஆட்டத்துக்கு எதிராக உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் தமிழக அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. அமைப்பாளர் அதை நன்றாக அறிந்திருந்தார். பபூனிடமும் டான்ஸ் காமிக்கிடமும் எங்கள் முன்னிலையிலேயே போனில் சொன்னார். அவர்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பேருந்துக் கட்டணம், ரேஷன் கடை, மாமியார் மருமகள் சண்டை என்று சிரிக்க வைக்கப் போதுமான விஷயங்கள் அவர்களிடம் இருந்தன. எங்கள் திருவிழாவுக்குப் பாசிமணி விற்க வரும் நரிக்குறவர் குடும்பங்கள் இரவு கடையைச் சுருட்டிவிட்டு மேடைக்கு முன்னால் உட்கார்ந்து நாடகம் பார்ப்பது வழக்கம். அவர்கள் குறவர் அல்லர்; வேறு மொழி பேசும் வேறு சமூகத்தார். 2022 டிசம்பரில்தான் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் மேடையில் குறவர் என்று சொல்லிக் கேலி செய்யும்போது, கூட்டத்தின் பார்வை திரும்புவது அவர்களை நோக்கித்தான். இந்த ஆண்டு அந்தக் குழந்தைகள் யாருடைய பார்வைக்கும் கூசாமல் விடியும்வரை உட்கார்ந்து பார்த்தார்கள்.

மலைவாழ் மக்களிலிருந்தோ குறவர் சமூகங்களிலிருந்தோ பாடத் தெரிந்த கலைஞர் யாராவது அவருடைய நாட்குறிப்பில் உண்டா என்று கணக்கு முடிக்கப் போனபோது கேட்டேன். “நாங்க யாரையும் சாதி கேக்கிறதில்ல டீச்சர். கலைஞர்னா கலைஞர்தான்” என்றார். உண்மையாகவே அவர் அப்படி நினைக்கிறார் என்று நம்புகிறேன். சாதியை விசாரித்து வேடம் கொடுக்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அப்படிச் செய்தால் அது எவ்வளவு அவலமாகப் போகும் என்பதற்கு புடாபெஸ்ட் நகரத்து நிகழ்ச்சி ஒன்று போதும். போர்கி அண்ட் பெஸ் (1935) என்ற, அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் இசை நாடகத்தைக் கறுப்பினக் கலைஞர்களே நடிக்க வேண்டும் என்பது உரிமைதாரர்களின் நிபந்தனை. ஹங்கேரி அரசு ஆபரா 2018இல் வெள்ளையரை முதன்மையாகக் கொண்டு அதை மேடையேற்றி, மறு ஆண்டில், ஆப்பிரிக்க அமெரிக்க வேர்கள் தங்கள் அடையாளத்தின் பகுதி என்று பாடகர்களிடம் எழுதிக் கையெழுத்துக் கேட்டது. அங்கே கேட்டது ஒரு தாள். கறுப்பினப் பாடகருக்கு அதனால் ஒரு வேடமும் கூடவில்லை. நான் அமைப்பாளரிடம் கேட்பது அதுவன்று. சிறுமலையிலும் கொடைக்கானல் மலைகளிலும் பாடுகிறவர்களைப் போய்க் கேளுங்கள். இளையவர் யாருக்காவது ஆர்வம் இருந்தால் ஆர்மோனியக்காரரோடு ஒரு கோடைக்காலம் உட்கார வையுங்கள். வள்ளி வேடத்தை அவரும் போட்டியிட்டு வாங்கட்டும். நம்பிராஜன் மகளின் கதையைச் சொல்லிப் பிழைக்கும் தொழில் அந்த மலைக்கு இவ்வளவாவது செய்யக் கடமைப்பட்டிருக்கிறது.

நாடகம் வைக்க நினைக்கும் ஊர்க்காரர்களுக்கு என் பரிந்துரை இது. கணக்கு, நேரம், சொன்ன சொல் ஆகியவற்றுக்காக இப்படிப்பட்ட அமைப்பாளரைத் தாராளமாக நம்பலாம். சித்திரை, வைகாசித் தேதி வேண்டுமென்றால் தையிலேயே போய்விட வேண்டும். ஸ்திரீபார்ட்டுக்குப் போட்டோவைப் பார்க்காதீர்கள். தர்க்கப் பகுதியின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அசல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஃபிளெக்ஸுக்கும் அதே படம்தான் என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தத் திருத்தங்களை ஊரார் கேட்காமல் அலுவலகம் தானாகச் செய்யாது, ஏனென்றால் வெளுத்த முகத்தைக் கேட்டதும் ஊரார்தாம்.

அடுத்த ஆண்டுக்கும் இவரிடமே பேசுவது என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. மூன்று நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தோம். வள்ளிக்கும் முருகனைப் போலவே குரலை முதலில் அனுப்ப வேண்டும்; எந்தக் கலைஞரின் படத்தையும் வெளுக்கக் கூடாது; ஒப்பனை எந்த நிறத்தில் என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும், அவர் விரும்பும் நிறத்தில் நின்றால் ஊர் மறுபேச்சுப் பேசாது என்பதைக் கமிட்டி முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டையும் அமைப்பாளர் உடனே ஒப்புக்கொண்டார். மூன்றாவதைப் பற்றி, மற்ற ஊர்களும் இப்படிச் சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்கு உதவும், ஒரு ஊர் மட்டும் சொன்னால் அடுத்த ஊர் மேடைக்கு அவர் மறுபடியும் பூசித்தான் ஆக வேண்டும் என்றார்.